கடல்சார் வரலாறும் ஆர்வலர் ஆய்வும்

நியூசிலாந்தின் தலைநகரான வெல்லிங்டனிலுள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உடைந்த வெண்கல மணியொன்று காக்கப்பட்டு வருகிறது. 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்துவ சமயப் பணியாளர், அந்நாட்டின் வடதீவில் மாவோரி மக்களிடம் அதனைக் கண்டார். அவர்கள் அதைக் கிழங்கு வேகவைக்கும் கலமாகப் பயன்படுத்தி வந்தனர். கொலென்சோ ஓர் இரும்புப் பானையை ஈடாகக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார். மணியைச் சுற்றிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. தமிழறிந்தோர் அவற்றைப் படித்த பின்னரே, முகைதீன் பக்ஸ் என்பாருடைய கப்பலின் மணி அது என்னும் செய்தி விளங்கிற்று.

இம்மணியைப் பற்றித் தமிழர் கூடும் மேடைகளில் அவ்வப்போது பேசப்படுகிறது. ஐரோப்பியர்க்கு முன்னரே தமிழர் நியூசிலாந்தை அடைந்தனர் என்பதற்கு இதுவே சான்று என்பார் உளர். சோழர் கடற்படையோடு அதனை இணைத்துப் பேசுவோரும் உளர். அம்மணி உண்மையில் யாது சொல்கிறது என்பதை நாம் பொறுமையாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முகைதீன் பக்ஸ் என்பது இசுலாமியப் பெயர். எனவே அம்மணி, கடல் வாணிகத்தில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்த தமிழ் முசுலிம்களை நோக்கி நம்மை இட்டுச்செல்கிறது. சோழப் பேரரசை நோக்கி அன்று. அப்பெயருடையார்க்கு ஒரு கப்பல் இருந்தது, அதன் மணியில் தமிழில் எழுதப்பட்டிருந்தது என்னும் இரண்டையும் மணி உறுதியாகச் சொல்கிறது. அக்கப்பல் நியூசிலாந்துக் கரையை அடைந்ததா, அல்லது மணி மட்டும் வேறொரு கப்பல்வழி வந்ததா, கப்பல் வந்திருப்பின் அதில் ஆட்கள் இருந்தனரா என்பவற்றை மணி சொல்லவில்லை. எழுத்து வடிவைக்கொண்டு காலத்தைக் கணிக்க முயன்றோரும் தம்முள் மாறுபடுகின்றனர்.

இவ்வளவு சொன்னால் மணியின் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சலாம். குறையாது. தமிழ்க் கப்பலுடைமையாளர் ஒருவர் தம் கப்பலின் மணியில் தம் தாய்மொழியைப் பொறித்தார் என்பது, எவராலும் மறுக்க முடியாத பெருமை. அதற்கு மேலாக நாம் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும், அந்த உறுதியான பெருமையையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும். கடல்சார் வரலாற்று மாநாட்டில் கட்டுரை படைக்க விரும்பும் ஆர்வலர்கள் முதலில் மனங்கொள்ள வேண்டிய செய்தி இதுவேயாகும்.

ஆர்வலர் என்போர் யாவர்?

வரலாற்றைப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் பயிலாமல், வேறு தொழில் செய்துகொண்டே, ஓய்வு நேரத்தில் ஆவணங்களையும் இடங்களையும் தேடி ஆராய்வோரை நாம் வரலாற்று ஆர்வலர் என்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர், துறைமுக ஊழியர், மருத்துவர், வழக்கறிஞர், இல்லத்தரசி எனப் பலர் இவ்வரிசையில் வருவர். இவர்களை இரண்டாம் தரத்தினராகக் கருதுவது பிழை. இவ்வட்டாரத்தின் கடல்சார் வரலாற்றுக்கு அடித்தளம் இட்டோருள் பலர் ஆர்வலர்களே.

மணியைக் கண்ட கொலென்சோவே அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். மலாயாவில் ஜேம்ஸ் லோ என்பாரைச் சொல்லலாம். அவர் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையைச் சேர்ந்த அதிகாரி; இன்று செபராங் பிறை எனப்படும் வெல்லஸ்லி மாநிலத்தில் நிருவாகப் பணியாற்றினார். 1834இல் அங்கே புத்தகுப்தன் என்பான் பெயர் பொறித்த கல்வெட்டைக் கண்டெடுத்தார். அதனை முற்றும் படித்துப் பொருள் சொல்லும் புலமை அவரிடம் இல்லை. ஆயினும் அதைக் காத்து, வங்காளத்து அறிஞர்கள் பார்வைக்கு எட்டச் செய்தார். இன்று அக்கல்வெட்டு கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் வரும் புத்தகுப்தன் 'மகாநாவிகன்' எனப்படுகிறான். பெருங்கடலோடி என்று பொருள். அவனது ஊர் ரக்தம்ருத்திகம். ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இக்கல்வெட்டு, வங்கக் கடலைக் கடந்து மலாய்த் தீவக்குறைக்கு வந்த கடலோடி ஒருவனின் பெயரை நமக்குத் தருகிறது. பின்னாளில் மேற்கு வங்கத்தின் முர்சிதாபாத் மாவட்டத்தில் நிகழ்ந்த அகழாய்வில் ரக்தம்ருத்திக விகாரையின் பெயர் பொறித்த முத்திரை கிடைத்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னர், கடலின் இருகரைச் சான்றுகளும் ஒன்றோடொன்று பொருந்தின.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற எழுத்துப் பாறை 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது, அதன் துண்டுகளிற் சிலவற்றைத் தேடி எடுத்து அனுப்பியவரும் இதே லோதான். இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் நாம் காணும் துண்டு அவ்வாறு தப்பியதே. அதன் எழுத்து இன்றளவும் ஐயத்துக்கிடமின்றிப் படிக்கப்படவில்லை. படிக்க வழி பிறக்குமாயின், அந்த வாய்ப்பைக் காத்துத் தந்தவர் ஓர் ஆர்வலர்.

இருபதாம் நூற்றாண்டில் சிங்கப்பூர் வழக்கறிஞர் ரோலண்ட் பிராடெல், மலாய்த் தீவக்குறையின் பண்டைக்காலம் பற்றிய நெடுந்தொடர் கட்டுரைகளை 1935 முதல் அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் எழுதினார். பண்டை நூல்களில் வரும் துறைமுகப் பெயர்கள் இன்றைய எவ்விடங்களைக் குறிக்கும் என்னும் வினாவை அவர் இடைவிடாது எழுப்பினார். அவர்தம் விடைகளிற் சில பின்னர் மறுக்கப்பட்டன. ஆயினும் அவ்வினாக்கள் அடுத்த தலைமுறை அறிஞர்களால் மேலும் ஆராயப்பட்டன. 1877இல் நீரிணைக் கிளையாகத் தொடங்கிய அக்கழகத்தின் இதழில் எழுதியோருள் மாவட்ட அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் சமயப் பணியாளர்களும் நிறைந்திருந்தனர்.

மாநாடு எதற்கு?

ஆர்வலர் பலர், தாம் கண்டதை நூலாக அச்சிட்டு நண்பர்களுக்கு வழங்குவதோடு அமைகின்றனர். அது நற்பணியே. ஆயினும் மாநாட்டில் கட்டுரை படைப்பதற்கும் அதற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. நூல் வெளியீட்டு விழாவுக்கு வருவோர் வாழ்த்த வருகின்றனர். மாநாட்டுக்கு வருவோர் வினவ வருகின்றனர். மாநாட்டில் பொதுவாக இருபது மணித்துளி அளவே பேச்சுக்குக் கிடைக்கும். அதன்பின் வரும் வினாக்களுக்காகவே அவ்வுரை நிகழ்கிறது எனலாம்.

தம் கூற்று மறுக்கப்பட்டால் மானக்கேடு என எண்ணி ஒதுங்குவோர் நம்மிடையே மிகுதி. அறிஞருலகில் நிகழ்ந்ததை நோக்கினால் அவ்வச்சம் அகலும். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் கடாரம் இன்றைய கெடா என நாம் எளிதாகச் சொல்கிறோம். தஞ்சைக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த பேரறிஞர் ஹுல்ட்ஸ், தொடக்கத்தில் அதனைத் தமிழகத்தின் இராமநாதபுரம் சமீனைச் சார்ந்த ஊராகக் கருதினார். அதன்பின் பர்மாக் கரையில் தேடினோரும் உண்டு. 1918இல் பிரெஞ்சு அறிஞர் சேடேஸ், ஸ்ரீவிசயப் பேரரசை மீட்டுணர்த்தும் தம் கட்டுரையை வெளியிட்ட பின்னரே, மெய்க்கீர்த்தியின் ஊர்ப்பெயர்கள் கடலுக்கு அப்பால் உரிய இடங்களில் அமையலாயின. ஹுல்ட்சின் பிழையால் அவர் புகழ் குன்றவில்லை. அவர் கல்வெட்டின் மூலத்தைப் பிழையறப் பதிப்பித்திருந்தமையால், அவரைத் திருத்துவோர்க்கும் அப்பதிப்பே கருவியாயிற்று.

இதிலிருந்து மாநாட்டுக் கட்டுரைக்குரிய தலையாய நெறி பெறப்படுகிறது. நம் முடிவைப் பிறர் சரிபார்க்கும் வண்ணம் சான்றை அப்படியே முன்வைத்தல் வேண்டும். சான்று சொல்வது எது, அதிலிருந்து நாம் ஊகிப்பது எது, நாம் விரும்புவது எது என மூன்றையும் வேறு வேறாக எழுதிப் பழகுதல் வேண்டும். மூன்றாவதைக் கட்டுரையில் சேர்க்கலாகாது.

ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம்

தலைப்பைத் தெரிவு செய்வதிலும் நாம் தடுமாறுகிறோம். 'ஈராயிரம் ஆண்டுத் தமிழர் கடலாண்மை' என்பன போன்ற தலைப்புகளை நம்மவர் பெரிதும் விரும்புவர். இருபது மணித்துளியில் பட்டினப்பாலையில் தொடங்கி, கடாரம் வழியாகத் தோட்டப்புறத்துக்கு வந்து சேர்வர். அவையோர்க்குப் புதிதாக ஒன்றும் கிடைத்திராது. அதற்கு மாறாக, ஒரு கப்பல், ஒரு துறைமுகம், ஒரு குடும்பம் எனச் சிறிய பொருளை எடுத்தால், ஆர்வலர் ஒருவர் வேறெவரும் சொல்லாததைச் சொல்ல இயலும்.

சான்றாக ரஜூலா கப்பலை எடுத்துக்கொள்வோம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் இப்பெயர் அறியாதார் அரியர். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அக்கப்பல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்றும் உரிமம் பெற்றிருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் ஆகியவற்றிடையே பல்லாண்டுகள் ஓடி, 1970களின் தொடக்கத்தில் ஓய்வுபெற்றது.

ஆர்வலர் ஒருவர் தம் பாட்டனார் 1920இல் ரஜூலாவில் பினாங்கு வந்திறங்கினார் எனக் குடும்பத்தில் கேட்டறிந்ததைக் கட்டுரையாக்க முனைகிறார் எனக் கொள்வோம். கப்பல் கட்டப்பட்ட ஆண்டைப் பார்த்ததும் செய்தி பொருந்தாமை புலனாகும். இவ்விடத்தில் சிலர் ஆண்டை மாற்றிவிடுவர். சிலர் கப்பலின் பெயரைச் சொல்லாது விட்டுவிடுவர். இரண்டும் முறையன்று. பொருந்தாமையையே ஆய்வுப் பொருளாக்குதல் வேண்டும். ஆண்டு பிழையா, கப்பல் பிழையா? பாட்டனார் இருமுறை வந்தாரா? முதன்முறை வந்தது வேறு கப்பலிலும், ஊர் சென்று மணமுடித்து மீண்டது ரஜூலாவிலும் ஆகலாமா?

இங்கே மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. ரஜூலாவுக்கு ரோனா என்னும் உடன்பிறப்புக் கப்பல் ஒன்று இருந்தது. அதுவும் 1926இல் கட்டப்பட்டதே. இரண்டாம் உலகப் போரில் படையினரை ஏற்றிச் சென்ற ரோனா, 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் செருமானிய வான்தாக்குதலில் மூழ்கிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் மாண்டனர். போருக்குப் பின் ரஜூலா மட்டுமே மீண்டும் நாகப்பட்டினத்துக்கு வந்தது. எனவே வேறு கப்பல்களில் வந்தோரின் நினைவிலும், நெடுநாள் கண்முன் நின்ற ரஜூலாவின் பெயரே படிந்திருக்கலாம் என ஊகிக்க இடமுண்டு. ஊகம் என்று சொல்லியே இதனை மாநாட்டில் வைத்தல் வேண்டும். பல குடும்பங்களின் செய்திகளைத் திரட்டி ஒப்பிட்டால் அவ்வூகம் வலுப்படலாம்; வீழவும் கூடும். பாட்டியார் பொய் சொன்னார் என்பது இதன் முடிவன்று. மக்கள் நினைவு ஒரு கப்பலின் பெயரை அக்கடற்பயணம் முழுமைக்கும் பெயராக்கிக்கொண்டது எவ்வாறு என்பதே இதில் கிடைக்கும் வரலாறு.

இத்தகைய சரிபார்ப்புக்கு வேறு சில கால எல்லைகளும் துணைசெய்யும். 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி அமைக்கப்பட்டு, தொழிலாளரின் கப்பற்செலவு அதிலிருந்து அளிக்கப்படலாயிற்று. 1938இல் இந்திய அரசு, உதவிபெற்று மலாயாவுக்குச் செல்லும் தொழிலாளர் பயணத்தைத் தடைசெய்தது. சப்பானியர் ஆட்சி நிலவிய 1942 முதல் 1945 வரை வழக்கமான பயணம் இல்லை. சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டு, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஒரு குடும்பச் செய்தியை இவ்வெல்லைகளுக்குள் வைத்துப் பார்த்தாலே பல ஐயங்கள் தெளியும்.

தமிழறிவு என்னும் கருவி

துறைசார் அறிஞரிடம் இல்லாத ஒன்று தமிழ் ஆர்வலரிடம் உண்டு. ஆங்கில ஆவணங்களில் நாகப்பட்டினம் 'நெகபட்டம்' எனவும், பினாங்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' எனவும் எழுதப்பட்டுள்ளன. இராமசாமி என்னும் ஒரு பெயரை எழுத்தர்கள் பத்து விதமாக எழுதியுள்ளனர். தந்தை பெயரே முன்னெழுத்தாகும் நம் வழக்கை அறியாதார், தந்தையையும் மகனையும் ஒருவராகக் கொள்வதுண்டு. கப்பல் ஊழியர் ஆவணங்களில் வரும் 'டிண்டால்' என்னும் சொல் நம் தண்டல் என்பதையும், 'சூலியா' என்பது இக்கரையில் தமிழ் முசுலிம் வணிகரைக் குறித்ததையும் தமிழறிந்தார் எளிதில் உணர்வர்.

ஆங்கிலப் பதிவுகள் கப்பலின் எடையையும் பயணிகள் தொகையையும் சொல்லும். தளத்தில் படுத்துக் கடலைக் கடந்தவர் யாது உண்டார், எவரோடு பேசினார், தொற்றுத்தடுப்புக்காக ஜெரஜாக் தீவிலோ செயின்ட் ஜான்ஸ் தீவிலோ தங்கியபோது யாது எண்ணினார் என்பன தமிழில் எழுதிய கடிதங்களிலும் கணக்கேடுகளிலும் முதியோர் பேச்சிலுமே உள்ளன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் இவ்வகையில் பெருங்களஞ்சியங்கள். தமிழ் படிக்க இயலாத ஆய்வாளர்க்கு இவையெல்லாம் மூடிய பெட்டகங்கள். பெட்டகத்தைத் திறந்து, மூலத்தையும் நேரிய மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துக் காட்டினாலே அக்கட்டுரை மாநாட்டில் தனக்குரிய இடத்தைப் பெறும்.

எடுத்தலும் காத்தலும்

2015இல் பெத்ரா பிராங்கா அருகே கடலடியில் பணியாற்றிய முக்குளிப்போர் சிலர் பீங்கான் தட்டுகளைத் தற்செயலாகக் கண்டனர். செய்தி உரியோர்க்கு எட்டியமையால் முறையான அகழாய்வு நிகழ்ந்தது. பதினான்காம் நூற்றாண்டுக் கப்பலொன்றின் சிதைவும், 1796இல் மூழ்கிய ஷா முன்சர் என்னும் வணிகக் கப்பலின் சிதைவும் கண்டறியப்பட்டு, 2021இல் சிங்கப்பூர் அதனை அறிவித்தது. தட்டுகள் ஒவ்வொன்றாகக் கரையேறி விற்பனைக்குப் போயிருந்தால், அவை எக்கப்பலுக்கு உரியன என்பதை அறிய வழி இருந்திராது.

வீட்டுப் பரணிலுள்ள தகரப்பெட்டிக்கும் இது பொருந்தும். பெட்டியிலுள்ள கடப்பிதழை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றைக் கலைத்துவிட்டால், அவை ஒன்றோடொன்று கொண்டிருந்த தொடர்பு அழிந்துவிடும். எனவே திறந்த நிலையிலேயே படம் எடுத்தல், எது எதனோடு இருந்தது என எழுதி வைத்தல், தந்தவர் பெயரையும் நாளையும் குறித்தல் ஆகியவை இன்றியமையாதவை. மூலத்தை உரியவரிடமே திருப்பித் தந்து, படியை அவர் இசைவோடு ஆவணக் காப்பகத்தில் சேர்த்தல் நன்று. முதியோரிடம் பேசும்போது, நாம் விரும்பும் விடையை வினாவிலேயே வைத்துக் கேட்டலாகாது. 'ரஜூலாவில்தானே வந்தீர்கள்?' என்று கேட்டால் 'ஆம்' என்றே விடை வரும். 'எந்தக் கப்பலில் வந்தீர்கள்?' என்று கேட்டு, விடை வரும்வரை அமைதியாய் இருத்தல் வேண்டும். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. அதன் பதிவுகளைக் கேட்டுப் பழகுதல் ஆர்வலர்க்கு நல்ல பயிற்சியாகும்.

காலம் நமக்காகக் காத்திராது. நாடு விடுதலை பெறுமுன் கப்பலேறி வந்தோருள் இன்று நம்மோடு இருப்போர் மிகச் சிலர். அவர்தம் பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். வீடு மாறும்போது தகரப்பெட்டிகள் குப்பைக்குச் செல்கின்றன. பேரப்பிள்ளைகளிற் பலருக்கு அக்கடிதங்களைப் படிக்கும் தமிழ் இல்லை. தமிழும் அறிந்து, அம்முதியோரையும் நேரில் அறிந்த தலைமுறையாக இன்று நாம் இருக்கிறோம். அடுத்த தலைமுறையில் சிறந்த வரலாற்றறிஞர் தோன்றலாம். அவர்க்கு வினாவுவதற்கு ஆள் இருக்க மாட்டார்.

ஆதலின், அடுத்த கடல்சார் வரலாற்று மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் கோரும் அறிவிப்பு வெளிவரும்போது, பட்டமில்லை என்று எவரும் தயங்க வேண்டா. உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ உள்ள ஒரே ஓர் ஆவணத்தை எடுங்கள். அதில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாது படியெடுங்கள். அது யாது சொல்கிறது, யாது சொல்லவில்லை என இரு பத்திகள் எழுதுங்கள். நாம் ஒவ்வொருவரும் அவ்வாறு ஓர் ஆவணத்தைக் கொண்டுவந்து அவையில் வைத்தால், அடுத்த அமர்வில் ஒப்பிட்டு நோக்கப் போதிய சான்றுகள் இருக்கும்.